எல்லைச் சாவடியும் ஜாமீன் சீட்டும்

ஐரோப்பாக் கண்டத்தில் மோட்டார் வண்டியை ஓட்டிக்கொண்டு நாடு விட்டு நாடு செல்ல எண்ணுகின்றவர் முதலில் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், நம்மில் பலர் தேசப்படம் என்று சொல்வோம். குளிருக்கு அஞ்சுகின்றவர் கம்பளிச் சட்டை என்பார். வண்டி ஓட்டிப் பழகியவர் உபரிச் சக்கரம் என்பார். இவை எல்லாம் வேண்டியவையே. ஆயினும், மோட்டார் வண்டி தோன்றிய காலம் முதலாக அக்கண்டத்துப் பயணிகளுக்கு இம்மூன்றையும்விட இன்றியமையாததாக இருந்து வந்திருப்பது ஒரு சிறு காகிதக் கட்டு. அக்காகிதக் கட்டின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் சரித்திரமும் பூகோளமும் கற்பித்துத் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வகுப்பறைச் சுவரில் தொங்கும் ஐரோப்பாப் படத்தில் நாட்டுக்கு நாடு வெவ்வேறு வண்ணம் தீட்டியிருப்பார்கள். ஒரு வண்ணம் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் உண்மையில் என்ன இருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்பதுண்டு. மலை என்பான் ஒருவன். ஆறு என்பான் ஒருவன். முள்வேலி என்பான் இன்னொருவன். மூன்று விடைகளும் சிற்சில இடங்களுக்குப் பொருந்தும். ஆனால் சாலை வழியே செல்கின்றவன் அங்கே கண்டது பெரும்பாலும் ஒரு மேஜைதான். மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி அமர்ந்திருப்பார். அவர் எதைக் கேட்டார், எதைக் காட்டினால் வழி விட்டார் என்பதில் அந்தந்தக் காலத்து அரசியல் அடங்கியிருக்கிறது.

முதல் நெடும் மோட்டார்ப் பயணம் என்று சொல்லப்படுவது, பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார் 1888 ஆகஸ்டில் தம் கணவர் செய்த மூன்று சக்கர வண்டியில் இரு புதல்வர்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து தம் தாய்வீடு இருந்த பிஃபோர்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றதாகும். வழியில் எண்ணெய் தீர்ந்துபோகவே, வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில், கறை நீக்குவதற்கென விற்கப்பட்ட ஒருவகை எண்ணெயை வாங்கி ஊற்றிக்கொண்டார். துணிவுள்ள அம்மையார், ஐயமில்லை. எனினும் அவர் சென்ற வழி முழுவதும் பாடன் என்னும் ஒரே சிற்றரசுக்குள் அடங்கியிருந்தது. ஆகவே நான் சொன்ன மேஜையின் தொல்லை அவருக்கு நேரவில்லை. 1900இல் மிஷலின் என்ற டயர்க் கம்பெனியார் வண்டியோட்டிகளுக்கென ஒரு சிறு கையேட்டை 35,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினர். அப்போது பிரான்சு நாடு முழுவதிலும் இருந்த மோட்டார் வண்டிகள் 3,000க்கும் குறைவு! வண்டி எங்கே பழுது பார்க்கலாம், எண்ணெய் எங்கே கிடைக்கும், எங்கே தங்கலாம் என்பவற்றை எல்லாம் அந்நூல் சொல்லிற்று. ஊர் சுற்றுவதற்கு அது போதும். எல்லையைத் தாண்டுவதற்குப் போதாது.

ஏன் போதாது என்பதைச் சற்று விளக்க வேண்டும். சுங்க அதிகாரியின் கண்ணுக்கு மோட்டார் வண்டி என்பது வாகனம் அன்று, விலையுயர்ந்த சரக்கு. பிரான்சிலிருந்து இத்தாலிக்குள் நுழைகின்ற வண்டி சுற்றுலா முடிந்து திரும்பிப் போகும் என்பதற்கு என்ன உறுதி? அங்கேயே விற்றுவிட்டு உரிமையாளர் ரயிலேறிப் போய்விட்டால், அரசுக்கு வரவேண்டிய இறக்குமதி வரி போயிற்று. ஆதலால் வரித்தொகை முழுவதையும் வைப்புப் பணமாகக் கட்டிவிட்டு நுழையுங்கள், வெளியேறும்போது பெற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு நாட்டுக்கென்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து நாடுகள் வழியே போகிறவன் ஐந்து மேஜைகளில், ஐந்து நாணயங்களில், கையில் ரொக்கமாகக் கட்ட வேண்டும். நுழைந்த சாவடி ஒன்று, வெளியேறும் சாவடி வேறொன்று என்றால் பணத்தைத் திரும்பப் பெறுவதில் தாமதமும் வழக்கும் வேறு. செல்வர்களுக்கே இது கனத்த சுமையாக இருந்தது.

இச்சிக்கலுக்கு வழி கண்டவர்கள் மோட்டார்க்காரர்கள் அல்லர். அவர்களுக்கு முன்பே சாலையில் இறங்கிவிட்ட சைக்கிள்காரர்கள். இங்கிலாந்தில் 1878இலும், பிரான்சில் 1890இலும் சைக்கிள் பயணிகள் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1898இல் பல நாட்டுச் சங்கங்கள் லக்ஸம்பர்க் நகரில் கூடி ஒரு பொதுச் சம்மேளனத்தை நிறுவின. இச்சங்கங்கள் அரசுகளிடம் சென்று சொன்னது மிக எளிய செய்தி: 'எங்கள் உறுப்பினரிடம் பணம் கேட்காதீர்கள், அவருக்கு நாங்கள் ஜாமீன்.' அதாவது, வண்டி திரும்பவில்லை என்றால் வரியைச் சங்கம் கட்டும். சங்கம் அதைத் தன் உறுப்பினரிடம் வசூலித்துக்கொள்ளும்.

மோட்டார் வண்டி பெருகியபோது இதே முறை விரிந்தது. அதற்கென அச்சடித்த சீட்டுக்கு டிரிப்டிக் என்று பெயர். மூன்று மடிப்புகளை உடையது என்பது பொருள். வண்டியின் எண், எஞ்சின் எண், நிறம், இருக்கைகள் முதலிய அடையாளங்கள் மூன்று பகுதிகளிலும் எழுதப்பட்டிருக்கும். நுழையும்போது ஒரு பகுதியைக் கிழித்து அதிகாரி வைத்துக்கொள்வார். வெளியேறும்போது மற்றொரு பகுதியை அங்குள்ளவர் எடுத்துக்கொள்வார். இரண்டு முத்திரைகளும் பதிந்த மூன்றாம் பகுதி பயணியிடம் தங்கும். ஊர் திரும்பியதும் அதைச் சங்கத்தில் ஒப்படைத்தால் கணக்கு முடிந்தது. டிரிப்டிக் ஒரு நாட்டுக்கே செல்லும் என்பதனால், பல நாடுகளுக்கும் சேர்த்துப் பல ஏடுகள் கொண்ட புத்தகமாகக் கார்னே என்பது பின்னர் வந்தது. கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் சீட்டுக்கு இருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுவதை நாம் அறிவோம். அதற்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடு இல்லை. முன்பின் அறியாத ஒருவனை ஓர் அரசு நம்புவதற்கு, அறிந்த ஒருவர் நடுவில் நிற்க வேண்டும்.

ஆகவே 1910ஆம் ஆண்டில் பாரிசிலிருந்து ரோம் வரை செல்லத் திட்டமிட்ட ஒருவர், புறப்படுவதற்குப் பல நாட்கள் முன்பே சங்க அலுவலகத்துக்குச் சென்று வண்டியின் விவரங்களைக் கொடுத்துச் சீட்டு எழுதி வாங்க வேண்டியிருந்தது. வெளியேறும் சாவடியில் முத்திரை பெற மறந்தால் வந்தது வினை. வண்டி தம் வீட்டுக் கொட்டகையில் நிற்க, அது இன்னும் இத்தாலியிலேயே இருப்பதாக இத்தாலிய அரசின் பதிவேடு கூறும். வரிக் கட்டணக் கடிதம் சங்கத்துக்கு வரும்.

இதில் நேயர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வண்டியைப் பற்றி இத்தனை கேள்விகள் கேட்ட அந்த அதிகாரி, வண்டிக்குள் இருந்த மனிதரைப் பற்றி அநேகமாக ஒன்றும் கேட்கவில்லை. 1914ஆம் ஆண்டு மகாயுத்தத்துக்கு முன் மேற்கு ஐரோப்பாவில் பாஸ்போர்ட் கேட்பது பெரும்பாலும் வழக்கொழிந்திருந்தது. ருஷ்யாவும் துருக்கியும் கேட்டன. மற்ற நாடுகள் பொதுவாகக் கேட்கவில்லை. மனிதன் தாராளமாகப் போகலாம். அவன் ஏறிவந்த இரும்புக்கு மட்டுமே ஜாமீன் வேண்டும். யுத்தத்தின்போது ஒற்றர்களுக்கு அஞ்சி எல்லா நாடுகளும் பாஸ்போர்ட்டைக் கட்டாயமாக்கின. தற்காலிக ஏற்பாடு என்றே சொன்னார்கள். 1920 அக்டோபரில் சர்வதேச சங்கத்தின் சார்பில் பாரிசில் கூடிய மாநாடு, அதை நீக்குவதற்குப் பதிலாகப் பாஸ்போர்ட்டின் அளவையும் அமைப்பையும் ஒரே சீராக்கிப் பரிந்துரைத்தது. தற்காலிகம் என்று வந்து நிலைத்துவிட்ட அரசாங்க ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

வண்டியின் கதைக்குத் திரும்புவோம். 1909 அக்டோபர் 11ஆம் நாள் பாரிசில் பல நாடுகள் கூடி மோட்டார்ப் போக்குவரத்து உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. ஒரு நாட்டில் தேர்வு பெற்ற வண்டியையும் ஓட்டுநரையும் பிற நாடுகள் மீண்டும் தேர்வு செய்யாமல் ஏற்றுக்கொள்வதற்குச் சர்வதேசச் சான்றிதழ் ஏற்பட்டது. வண்டியின் பின்புறம் 30 சென்டிமீட்டர் அகலமும் 18 சென்டிமீட்டர் உயரமும் உள்ள முட்டை வடிவப் பலகையில் நாட்டின் எழுத்தை வெள்ளைமேல் கறுப்பாக எழுத வேண்டும் என்று விதித்தனர். பிரான்சுக்கு எஃப், ஜெர்மனிக்கு டி, இத்தாலிக்கு ஐ. சுவிட்சர்லாந்துக்குச் சி எச் என்று இருப்பது பலரையும் மயங்கவைக்கும். நான்கு மொழிகள் பேசும் நாடு ஆகையால் எந்த ஒரு மொழிக்கும் முதன்மை தராமல், நாட்டின் லத்தீன் பெயரிலிருந்து அவ்வெழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். இந்த எழுத்துகளுக்கு ஆயுள் கெட்டி. நம் பக்கத்து நாடாகிய இலங்கை 1972இல் சிலோன் என்ற பெயரைக் கைவிட்டது. அந்நாட்டு வண்டிகளுக்குரிய சர்வதேச எழுத்து இன்றும் சி எல்தான். அதே உடன்படிக்கையில் நான்கு அபாய அடையாளங்களும் ஏற்பட்டன: மேடுபள்ளம், வளைவு, குறுக்குச் சாலை, ரயில்வே கேட். இன்று சாலையோரத்தில் நாம் காணும் பெருங்கூட்டமான குறிகளுக்கெல்லாம் இந்நான்கும் மூதாதையர்.

உடன்படிக்கை ஏற்பட்டதனால் எல்லாச் சாலைகளும் திறந்துவிட்டன என்று எண்ணிவிடலாகாது. சுவிட்சர்லாந்தின் கிழக்குப் பகுதியில் கிரௌபுண்டன் என்னும் மலை மாநிலம் இருக்கிறது. 1900ஆம் ஆண்டில் அம்மாநிலம் தன் சாலைகள் அனைத்திலும் மோட்டார் வண்டியைத் தடை செய்தது. குதிரைகள் மிரளும், புழுதி எழும், குறுகிய மலைப்பாதையில் அஞ்சல் வண்டிக்கு இடையூறு என்பவை காரணங்கள். தடையை நீக்கலாமா என்று மக்களிடம் மீண்டும் மீண்டும் வாக்குக் கேட்டார்கள். பத்தாம் முறையாக 1925 ஜூனில் கேட்டபோதுதான் மக்கள் இசைந்தார்கள். அதுவரை அம்மாநிலத்தைக் கடந்தே ஆகவேண்டிய வண்டிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு, குதிரையையோ மாட்டையோ பூட்டி இழுக்கச் செய்தார். இத்தாலியின் ஏரிகளிலிருந்து வடக்கே செல்ல வழி தேடியவர், படத்தில் தெளிவாகக் கோடு போட்டிருந்த மலைவழிகளை எல்லாம் விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. படத்தில் சாலை இருப்பது வேறு, நமக்குச் சாலை இருப்பது வேறு.

இடப்பக்கம் செல்வதா வலப்பக்கம் செல்வதா என்பதிலும் ஒற்றுமை இல்லை. ஆஸ்திரியாவின் மேற்கு மாநிலமான ஃபோரார்ல்பெர்க் 1921இலேயே வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது. தலைநகரான வியன்னாவோ 1938 வரை இடப்பக்கமே சென்றது. ஒரே நாட்டுக்குள் பக்கம் மாற வேண்டும்! சுவீடன் நாடு இன்னும் பிடிவாதமாக இருந்தது. அண்டை நாடுகளான நார்வேயும் பின்லாந்தும் வலப்பக்கம் செல்ல, சுவீடன் மட்டும் இடப்பக்கம் சென்றது. 1955இல் மக்கள் கருத்தைக் கேட்டபோது நூற்றுக்கு 83 பேர் மாற்றம் வேண்டாம் என்றனர். ஆயினும் அரசு பின்னர்த் துணிந்து, 1967 செப்டம்பர் 3ஆம் நாள் விடியற்காலை 5 மணிக்கு நாடு முழுவதும் பக்கத்தை மாற்றிற்று. பத்து நிமிடம் முன்னதாகச் சாலையில் இருந்த வண்டிகள் எல்லாம் நின்று, மெல்ல எதிர்ப்பக்கம் நகர்ந்து, மணி ஐந்து அடித்ததும் புறப்பட்டன. வாக்குச் சீட்டில் தோற்ற ஒன்றைப் பின்னர்ச் சட்டத்தால் நிறைவேற்றியது முறையா என்று மாணாக்கர்கள் வாதிட நல்ல பொருள் இது.

இரண்டாம் மகாயுத்தத்துக்குப் பின் வந்த ஏற்பாடுகளில் நான் மிக உயர்வாக மதிப்பது பச்சை அட்டை. மற்றவற்றைப் பற்றிப் பேசுகின்ற அளவுக்கு இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆதலின் சற்று நின்று சொல்கிறேன். பெல்ஜியத்துக்காரர் ஒருவர் ஆஸ்திரியக் கிராமத்தின் வழியே செல்லும்போது ஒரு குடியானவர்மேல் வண்டி மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெல்ஜியத்துக்காரர் மறுநாள் தம் நாடு போய்விடுவார். அடிபட்டவர் எந்த மொழியில் எந்தக் கம்பெனிக்கு எழுதி, எந்த நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்பார்? 1949 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தைச் சேர்ந்த ஒரு குழு இதற்கு வழி சொல்லிற்று. 1953 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நாட்டிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து ஒரு நிலையம் அமைத்துக்கொள்ள வேண்டும். அயல்நாட்டு வண்டியால் அடிபட்டவர் தம் நாட்டு நிலையத்திடமே, தம் மொழியிலேயே கேட்கலாம். அந்நிலையம் உள்ளூர்ச் சட்டப்படி பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் வண்டியின் சொந்த நாட்டு நிலையத்திடம் வசூலித்துக்கொள்ளும். அயல்நாட்டு வண்டியோட்டி இவ்வேற்பாட்டுக்கு உட்பட்டவர் என்பதற்கு அடையாளம் ஒரு பச்சை நிற அட்டை.

இதுவும் ஜாமீனே. ஆனால் கார்னே அரசின் கஜானாவுக்கு ஜாமீன். பச்சை அட்டை சாலையோரத்தில் அடிபட்டுக் கிடப்பவனுக்கு ஜாமீன். முன்னது வந்து நெடுங்காலம் கழித்துத்தான் பின்னது வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1972இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தன் உறுப்பு நாடுகளுக்கிடையே எல்லையில் இந்த அட்டையைச் சோதிப்பதையே கைவிட முடிவு செய்தது. வண்டியின் எண் பலகையே சான்றாயிற்று. வேறு சில நாடுகளுக்குச் செல்ல இன்றும் அட்டை வேண்டும். 2020 ஜூலை முதல் அதை வெள்ளைத் தாளில் அச்சிட்டாலும் செல்லும் என்று ஆகிவிட்டது. பெயர் மட்டும் பச்சை அட்டை!

அதே காலத்தில், 1950 செப்டம்பரில், ஜெனீவாவில் ஐரோப்பாவின் பெருஞ்சாலைகளுக்குப் பொது எண்கள் இடும் அறிவிப்பு கையெழுத்தாயிற்று. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஈ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அன்றைய ஈ 5 என்னும் சாலை லண்டனில் தொடங்கி, பிரசெல்ஸ், கொலோன், வியன்னா, புடபெஸ்ட், பெல்கிரேடு வழியாகத் துருக்கி வரை சென்றது. புதிதாகக் கல் பதித்த சாலை அன்று. இருந்த சாலைகளின்மேல் ஒரு பெயரை எழுதினார்கள், அவ்வளவே. 1975இல் எண்களை எல்லாம் திருத்தி, தெற்கு வடக்காகச் செல்பவற்றுக்கு ஒற்றைப்படை, கிழக்கு மேற்குக்கு இரட்டைப்படை என்று வகுத்தார்கள். சுவீடனும் நார்வேயும் மட்டும் பலகைகளை மாற்றச் செலவாகும் என்று தங்கள் பழைய ஈ 4, ஈ 6 எண்களை வைத்துக்கொண்டன. ஆகவே நேர் வடக்கே செல்லும் அச்சாலைகள் இரட்டைப்படை எண்ணோடு இன்றும் விதிவிலக்காக இருக்கின்றன.

பணத்துக்கும் வேலி இருந்தது. 1966 முதல் 1970 தொடக்கம் வரை பிரிட்டனிலிருந்து ஸ்டெர்லிங் வட்டாரத்துக்கு வெளியே உல்லாசப் பயணம் செல்கின்றவர் தலைக்கு 50 பவுனுக்குமேல் அயல்நாட்டுச் செலாவணி பெற முடியாது. மூன்று வாரப் பயணத்துக்கு அதையே பங்கிட்டுச் செலவழிக்க வேண்டும். கூடாரமும் அடுப்பும் வண்டியில் ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்காலத்திலேயே, கண்டத்தின் நடுவே மனிதனும் வண்டியும் ஒருங்கே ஐயத்துக்குரியவையாக இருந்த எல்லை ஒன்றும் இருந்தது. மேற்கு ஜெர்மனியின் ஹெல்ம்ஸ்டெட்டிலிருந்து மேற்கு பெர்லினுக்குச் செல்லும் நெடுஞ்சாலை, கிழக்கு ஜெர்மனியின் ஊடே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் சென்றது. சாலையை விட்டு விலகக் கூடாது. மணிக்கு 100 கிலோமீட்டருக்குமேல் ஓட்டக் கூடாது. மாரியன்போர்ன் சாவடியில் பாஸ்போர்ட்டுகளை வாங்கி, மூடிய ஓடுபட்டையின்மேல் வைத்து உள்ளே அனுப்புவார்கள். சக்கரம் பூட்டிய கண்ணாடியை வண்டியின் அடியில் தள்ளி, ஆள் ஒளிந்திருக்கிறானா என்று பார்ப்பார்கள். இருக்கையையும் தூக்கிப் பார்ப்பார்கள். 1972இல் இருபுறமும் உடன்படிக்கை செய்துகொண்ட பின் கெடுபிடி தளர்ந்தது. 1989 நவம்பருக்குப் பின் அது பழங்கதையாயிற்று.

மேற்கே மேஜைகள் அகன்ற வரலாறு லாரி ஓட்டுநர்களிடமிருந்து தொடங்குகிறது. 1984 பிப்ரவரியில் பிரெஞ்சு, இத்தாலியச் சுங்க ஊழியர்கள் விதிப்படி மட்டுமே வேலை செய்வோம் என்று மெத்தனம் காட்டினர். ஆல்ப்ஸ் மலை வழிகளில் லாரிகள் நாட்கணக்கில் தேங்கின. சினம் கொண்ட ஓட்டுநர்கள் சாலைகளையே அடைத்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் பிரான்சும் ஜெர்மனியும் சார்புருக்கன் நகரில் தங்கள் நடுவே சோதனையைக் குறைக்க ஒப்பந்தம் செய்தன. மறு ஆண்டு, 1985 ஜூன் 14ஆம் நாள், மோசல் ஆற்றில் மூன்று நாடுகள் கூடும் இடத்தில், லக்ஸம்பர்க்கைச் சேர்ந்த ஷெங்கன் என்னும் சிற்றூரின் கரையில், ஒரு கப்பலின்மேல் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. எந்த நாட்டின் பிரதம மந்திரியும் வரவில்லை. அவ்வளவு சிறிய காரியமாக அன்று அது கருதப்பட்டது. அவ்வொப்பந்தத்தில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். உடன் வருவோர் அனைவரும் உரிய பத்திரம் உள்ளவர், வரிக்குரிய சரக்கு இல்லை என்று உறுதி கூறும் வண்டியோட்டி, குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள பச்சை வட்டம் ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். காவலர் வண்டியை நிறுத்தாமல் கண்ணால் பார்த்து விட்டுவிடுவார். சங்கமும் கம்பெனியும் அன்றி, பயணி தனக்குத் தானே ஜாமீன் நின்ற காலம் அது.

1995 மார்ச் 26 அன்று ஏழு நாடுகளுக்கிடையே சோதனை நின்றது. 2007 டிசம்பரில் மேலும் ஒன்பது நாடுகள் சேர்ந்தன. சுவிட்சர்லாந்து 2008இலும், குரோஷியா 2023 ஜனவரி 1ஆம் நாளிலும் வந்தன. பல்கேரியாவுக்கும் ருமேனியாவுக்கும் தரை எல்லை திறந்தது 2025 ஜனவரியில். சாவடிக் கூரைகள் பல இடங்களில் வெறுமையாக நின்றன. வண்டிக்குரிய சீட்டு வேறு வடிவில் வந்தது: சுவிட்சர்லாந்து 1985 முதலும், ஆஸ்திரியா 1997 முதலும் நெடுஞ்சாலைக் கட்டண வில்லையை வாங்கச் சொல்கின்றன. அது நம்பிக்கைக்காக அன்று, காசுக்காக.

ஆனால் எடுத்த மேஜையை மீண்டும் போடுவது எளிது. 2015 செப்டம்பரில் அகதிகள் திரளாக வந்தபோது ஜெர்மனி தன் ஆஸ்திரிய எல்லையில் சோதனையை மீண்டும் தொடங்கிற்று. 2024 செப்டம்பரில் அதைத் தன் தரை எல்லைகள் அனைத்துக்கும் விரித்தது. 2020 வசந்தத்தில் கொள்ளைநோய்க் காலத்தில், ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகருக்கும் அதனோடு ஒட்டிய சுவிஸ் ஊரான கிரைட்ஸ்லிங்கனுக்கும் நடுவே பூங்காவின் குறுக்கே வேலி எழுந்தது. கணவன் ஒருபுறமும் மனைவி மறுபுறமும் வேலியைப் பற்றிக்கொண்டு நின்றார்கள். தொற்று பரவும் என்று இரண்டு மீட்டர் தள்ளி இரண்டாவது வேலியும் போட்டார்கள்.

இவற்றை எல்லாம் நான் தேடிப் படிக்கலானதற்கு ஒரு காரணம் உண்டு. என் பழைய மாணாக்கர் ஒருவர் மியூனிக் நகரில் என்ஜினீயராக இருக்கிறார். 2024 கோடையில் தம் பெற்றோரை ஊரிலிருந்து வரவழைத்து, மனைவியோடு நால்வருமாகத் தம் வண்டியிலேயே ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோஷியா வழியாக டுப்ரோவ்னிக் நகரம் வரை சென்று திரும்பத் திட்டமிட்டார். "சார், வழியைக் குறித்து அனுப்பியிருக்கிறேன், ஒருமுறை பாருங்கள்" என்று எழுதினார். பூகோள வாத்தியாரிடம் காட்டிவிட்டுப் புறப்பட வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை. வண்டிக்கு வேண்டிய வில்லைகள், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவருக்கும் மனைவிக்கும் ஜெர்மனியில் வசிக்கும் உரிமைச் சீட்டு உண்டு. பெற்றோருக்கு இருந்ததோ ஒரே முறை நுழைவதற்குரிய விசா. ஷெங்கன் நாடுகளுக்குள் எத்தனை எல்லையையும் கடக்கலாம். ஒருமுறை வெளியே கால் வைத்தால் மீண்டும் நுழைய முடியாது.

அவர் குறித்த வழி கடற்கரை ஓரமாகவே சென்றது. படத்தை உற்றுப் பார்த்தால், டுப்ரோவ்னிக்குக்கு வடக்கே, நெயூம் என்ற ஊரில், போஸ்னியா நாடு ஒரு விரலை நீட்டிக் கடலைத் தொடுகிறது. அதற்குச் சுமார் 20 கிலோமீட்டர் கடற்கரை உண்டு. குரோஷியாவின் நிலத்தை அது இரண்டாக வெட்டுகிறது. கடற்கரைச் சாலை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் அதன் வழியே செல்கிறது. போஸ்னியா ஷெங்கனில் இல்லை.

அவ்விரல் எப்படி வந்தது? டுப்ரோவ்னிக் முற்காலத்தில் ரகூசா என்ற பெயருடைய வணிகக் குடியரசு. அதற்குப் பெரும்பகை வெனிஸ். துருக்கிச் சுல்தானுக்குத் திறை செலுத்தித் தன்னைக் காத்துக்கொண்டது. 1699இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையின்போது, வெனிஸின் நிலம் தன் எல்லையைத் தொடாதிருக்க வேண்டும் என்று, வடக்கே நெயூமும் தெற்கே சுட்டோரினாவும் துருக்கியர் கையில் இருக்கும்படி செய்துகொண்டது. பகைவனைவிடத் தூரத்து எசமானன் மேல் என்பது அக்குடியரசின் கணக்கு. வெனிஸ் 1797இல் மறைந்தது. ரகூசாவை 1808இல் பிரெஞ்சுக்காரர் கலைத்தனர். துருக்கி போயிற்று, ஆஸ்திரியா போயிற்று, யூகோஸ்லாவியாவும் 1990களில் சிதறிற்று. அந்தக் கோடு மட்டும் போகவில்லை. ஒரே நாட்டின் உள்வரம்பாக இருந்தது மீண்டும் நாட்டெல்லை ஆகிவிட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இரு குடியரசுகளுக்கிடையே இருந்த பகையால், நம் ஊர்த் தாயார் ஒருவர் மகனோடு காரில் போகும்போது திரும்ப முடியாமல் நிற்க நேரிடும்.

நல்லவேளையாக, குரோஷியா 2022 ஜூலை 26 அன்று அவ்விரலைச் சுற்றிக்கொண்டு கடலின்மேல் 2.4 கிலோமீட்டர் நீளமுள்ள பெல்யெஷாட்ஸ் பாலத்தைத் திறந்திருந்தது. ஷெங்கனில் அது சேர்வதற்கு ஐந்து மாதம் முன்பு. கடற்கரைச் சாலையை விட்டுக் கொமார்னா என்ற இடத்தில் பாலம் ஏறி, தீபகற்பத்தின் வழியே ஸ்டோன் நகரை அடைந்து, மறுபடியும் கரைச்சாலையைப் பிடிக்குமாறு எழுதினேன். அவ்வாறே சென்றார்கள்.

திரும்பும் வழியில், ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் நுழையும் இடத்தில் ஒரு காவலர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னாராம். நான்கு பாஸ்போர்ட்டுகளையும் வாங்கி, பெற்றோரின் விசாத் தாளில் நாட்களை எண்ணிப் பார்த்து, பின்னிருக்கையில் இருந்த முகங்களோடு படங்களை ஒப்பிட்டு, முத்திரை எதுவும் குத்தாமல் திருப்பிக் கொடுத்தார். வண்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.